கிளார்க் உமக்கு, லெ குவின் எனக்கு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புமிக்க நண்பருக்கு,

உமது கடிதமும் அதனோடு வந்த பட்டியலும் கிடைத்தன. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து நீர் மறுபடியும் தடித்த நாவல்களைக் கையில் எடுத்திருப்பது பெரிய ஆறுதல். இங்கே வீட்டில் அனைவரும் சுகம். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து நிற்பதால் மாலை வேளைகளில் வாசிப்பு நடப்பதில்லை. அவர்கள் உறங்கிய பின்னர்தான் இதனை எழுதுகிறேன். விஞ்ஞானப் புனைகதையிலும் மாயப் புனைகதையிலும் உமக்குப் பிடித்த ஐவரை வரிசைப்படுத்தி, என்னுடைய ஐவரையும் கேட்டிருக்கிறீர். வெறும் பெயர்களை எழுதி அனுப்பினால் நீர் ஒரு வரியில் சிரித்துத் தள்ளிவிடுவீர் என்பதால் காரணங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆர்தர் சி. கிளார்க்கை நீர் முதலில் வைத்ததில் எனக்கு வியப்பில்லை. 1956இல் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச் 19ஆந் திகதி கொழும்பில் இறக்கும்வரை இந்தத் தீவையே வீடாகக் கொண்டிருந்தவர் அவர். வந்த புதிதிலேயே மைக் வில்சனுடன் திருகோணமலைச் சுவாமி மலையடியில் நீர்மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் எச்சங்களைக் கடலடியில் கண்டு எழுதினார். ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தப்படும் மூன்று நிலையங்களால் உலகம் முழுவதையும் தொடர்புபடுத்தலாம் என்று 1945இலேயே கட்டுரை வெளியிட்டவர், அதே கணக்கை 1979இல் வெளிவந்த ‘தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலில் விண்ணுக்குச் செல்லும் மின்தூக்கியாக வளர்த்தெடுத்தார். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் வடம் நிலநடுக்கோட்டில் நிலத்தைத் தொட வேண்டும். இலங்கையோ அதற்கு வடக்கே கிடக்கிறது. எனவே மனிதர் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டு, சிவனொளிபாதமலையின் உச்சியில் தமது கோபுரத்தை நட்டார். பொறியியலாளரான உமக்கு அந்தத் துணிச்சல் பிடிக்காமல் எப்படிப் போகும்?

எனக்கும் அது பிடிக்கும். எனினும் அந்நாவல் வெளியான ஆண்டில்தான் பயங்கரவாதத் தடைச் சட்டமும் நிறைவேறியது என்பதை மறந்துவிட்டு என்னால் அதை வாசிக்க முடிவதில்லை. இருபத்திரண்டாம் நூற்றாண்டிலிருந்து இத்தீவைப் பார்க்கிறவருக்கு மலையும் அரசனின் குன்றும் மடாலயமும் தெரிகின்றன. அவற்றின் அடியில் நடக்கும் மனிதரின் வழக்குகள் அவ்வுயரத்திலிருந்து தெரிவதில்லை. இதை அவருடைய மனத்தின் குறையாக நான் சொல்லவில்லை, அவர் தேர்ந்துகொண்ட தூரத்தின் விளைவு என்றே சொல்கிறேன். தமது 90ஆவது பிறந்தநாளுக்கு அவர் வெளியிட்ட செய்தியில் மூன்று ஆசைகளைச் சொன்னார்: வேற்றுலக உயிர்கள் உண்டென்பதற்குச் சான்று கிடைக்க வேண்டும், மனிதகுலம் எண்ணெயை விட்டுத் தூய சக்திக்கு மாற வேண்டும், இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். மூன்றில் ஒன்றைக்கூடக் காணாமலே மூன்று மாதங்களில் போய்விட்டார். அந்த மூன்றாவது ஆசைக்காக அவர்மீது எனக்கு என்றும் மரியாதை உண்டு.

அசிமோவைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. நாங்கள் அவரைப் பற்றிப் பேசாத காலமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில், நீர் விட்டுச்சென்ற ‘ஃபவுண்டேஷன்’ பிரதியைப் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் வாசித்தபோது, பேரரசு வீழ்ந்த பின் வரவிருக்கும் 30,000 ஆண்டு இருளை ஆயிரம் ஆண்டுகளாகக் குறுக்கும் ஹரி செல்டனின் கணிதம் எனக்கும் பெரிய தைரியத்தைத் தந்தது. அந்தக் கணிதம் பெருங்கூட்டத்தின் போக்கைச் சொல்லும், தனியொருவனுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லாது. எமக்கு அப்போது தெரியவேண்டியிருந்தது இரண்டாவதுதான். அசிமோவின் மிகச் சிறந்த படைப்பு, செல்டனின் திட்டத்தையே குலைத்துப்போடும் ‘மியூல்’ என்ற அந்த விநோதப் பிறவி என்பது என் அபிப்பிராயம். நீர் ஒத்துக்கொள்ள மாட்டீர்.

இனி என்னுடைய பட்டியல். இரண்டாம் இடத்திலிருந்து தொடங்குகிறேன், அங்கே டோல்கீன் இருக்கிறார். அவருடைய ‘தி லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ என்ற மோதிரக் கதையைத் திரைப்படமாகப் பார்த்தவர்கள், மோதிரம் எரிமலையில் விழுந்ததோடு எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். நூலிலோ, 1955இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தின் கடைசியில், பயணம் போன நண்பர்கள் நால்வரும் ஊர் திரும்பும் ஓர் அத்தியாயம் உண்டு. திரைப்படத்தில் அதனை விட்டுவிட்டார்கள். பாலத்தின் இரு முனைகளிலும் வாயில்கள் பூட்டிக் கிடக்கின்றன. காவலறைச் சுவரில் விதிகளின் நீண்ட பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. சொந்த ஊருக்குள் நுழைய அனுமதி வேண்டும், மரங்கள் தறிக்கப்பட்டிருக்கின்றன, அயலவர்களில் சிலரே புதிய அதிகாரத்தின் காவலர்களாகித் தொப்பியில் இறகு சூடி நிற்கிறார்கள். போர்க்காலத்தில் ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச்சாவடி வரிசையில் நின்ற ஒருவருக்கு இந்தப் பக்கங்களை விளக்கவே தேவையில்லை. முதலாம் உலகப் போரில் சோம் போர்முனையில் நின்றவர் டோல்கீன். ஆனாலும் தம் கதையை அந்தந்தக் காலப் போர்களோடு பொருத்திப் பார்ப்பதை அவர் வெறுத்தார், தாம் சிறுவனாக வாழ்ந்த கிராமப்புறம் பத்து வயதுக்கு முன்னரே சீரழியக் கண்டதைத்தான் முன்னுரையில் குறிப்பிட்டார். ஆகவே அவர் எம்மைப் பற்றி எழுதினார் என்று உரிமை கோர மாட்டேன். நால்வரில் ஒருவனான சாம் ஒரு சிறு பெட்டியில் கொண்டுவந்த மண்ணைத் துளித்துளியாக ஊரெங்கும் இட்டு மரங்களை மீட்கிறான், ஊர் செழிக்கிறது, அவ்வூருக்காகவே எல்லாவற்றையும் தாங்கிய ஃபுரோடோ மட்டும் அங்கே இருக்க முடியாமல் கப்பலேறிப் போகிறான். வலிகாமத்துக்குத் திரும்பி வந்தும் இருப்புக்கொள்ளாமல் போனவர்களை நீரும் அறிவீர், நானும் அறிவேன்.

பிரட்பரியை நான்காவதாக வைக்கிறேன். யாழ்ப்பாணத்தவர் எவரும் அவர் பெயரைச் சொன்னதும், புத்தகங்களை எரிக்கும் ‘ஃபாரன்ஹைட் 451’ஐயும் 1981இல் எரிக்கப்பட்ட எமது பொது நூலகத்தையும் சேர்த்தே பேசுவார்கள். பேசட்டும், நியாயந்தான். அந்நாவலை அவர் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், அரைமணி நேரத்துக்குப் பத்துச் சதம் கொடுத்துத் தட்டச்சு செய்தார் என்பதும் அழகான செய்தி. ஆயினும் என்னை விடாமல் துரத்துவது 1950இல் அவர் எழுதிய ஒரு சிறுகதை. கலிபோர்னியாவில் முழுவதும் இயந்திரத்தால் இயங்கும் ஒரு வீடு. அணுகுண்டில் குடும்பம் அழிந்து, வெளிச்சுவரில் அவர்களுடைய நிழலுருவங்கள் மட்டும் பதிந்திருக்க, வீடு தன்பாட்டில் காலையுணவு சமைக்கிறது, நேரத்தைச் சொல்கிறது, யாருக்கோ இரவில் கவிதை வாசித்துக் காட்டுகிறது. ஆட்களே இல்லாத அக்கதையில் அவர்களுடைய அன்றாடம் முழுவதும் இருக்கிறது. ‘செவ்வாய்க் கிரகக் கதைகள்’ நூலின் முதற்பதிப்பில் அது 2026 ஆகஸ்டில் நடப்பதாக இருக்கிறது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது அடுப்பில் ஏற்றியதை அப்படியே விட்டுவிட்டுப் படலையைச் சாத்திப் போனவர்கள் எமது ஒழுங்கையிலேயே இருந்தார்கள்.

சுஜாதாவை நீர் ஐந்தாம் இடத்தில், ஏதோ மரியாதைக்காக வைத்ததுபோல வைத்திருப்பது சரியில்லை. கிளார்க்குக்கு மூன்று வாரங்கள் முன்னதாக, 2008 பெப்ரவரி 27இல், அவர் மறைந்தபோது நீர் தொலைபேசியில் எவ்வளவு நேரம் பேசினீர் என்பதை நினைத்துப் பாரும். ‘என் இனிய இயந்திரா’வில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், பிள்ளை பெறுவதற்கு அரசின் அனுமதி, திரையில் மட்டும் தோன்றும் தலைவர் என்று அத்தனை இறுக்கமான ஓர் ஆட்சியை அமைத்துவிட்டு, அதனை எதிர்க்கும் பொறுப்பை ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியிடம் கொடுத்த குறும்பு வேறு யாருக்கு வரும்? அசிமோவின் ரோபோக்கள் விதிகளுக்கு உட்பட்டு நல்லவை. ஜீனோ வாசித்தும் யோசித்தும் நல்லதாகிறது. நாவலின் இறுதிப் பகுதி அவசரமாக முடிகிறது என்பது உண்மை. வாரத் தொடர்களுக்கு அந்த நோய் உண்டு. அப்படியிருந்தும் எனது பட்டியலில் அவருக்கு மூன்றாமிடம். விஞ்ஞானத்தை எமது மொழியிலேயே விளையாட்டாகப் பேசலாம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியவர் அவர். ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுதி எமது மரபறிவிலிருந்து வேறொரு வழியை வெட்டுகிறது. அதையும் நீர் வாசிக்க வேண்டும்.

முதலிடம் ஊர்சுலா லெ குவினுக்கு. 1968இல் அவர் தொடங்கிய எர்த்சீ நூல்கள் முழுவதும் தீவுக்கூட்டத்தில் நடக்கின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்று வள்ளத்திலே போய்வந்த எமக்கு அந்தப் புவியியல் அந்நியமில்லை. மானிடவியலாளரின் மகளாகையால் ஒவ்வொரு தீவுக்கும் ஒவ்வொரு பாட்டையும் பழக்கத்தையும் கொடுத்திருக்கிறார். கீரிமலையில் நீராடிக் குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையை அவர் கேட்டிருந்தால், முகம் மாறிய பின்னர் அந்தப் பெண் கண்ணாடியின் முன் எப்படி நின்றாள் என்பதிலிருந்துதான் தொடங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவருடைய நூல்களிலும் நான் உயர்வாக மதிப்பது 1990இல் வந்த ‘தெஹானு’வை. முந்திய நூலுக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே உலகத்துக்குத் திரும்பியவர், மாவீரர்களை விட்டுவிட்டு, நடுவயது கடந்த ஒரு விதவையையும், தன்னுடையவர்களாலேயே நெருப்பில் எறியப்பட்டு முகமும் கையும் கருகிய ஒரு சிறுமியையும், மந்திர வலிமை அனைத்தையும் இழந்து திரும்பிய, முந்திய நூல்களின் நாயகனான மந்திரவாதி கெட்டையும் ஒரு சிறிய பண்ணைவீட்டில் குடியமர்த்துகிறார். ஆடு மேய்ப்பது, பாத்திரம் கழுவுவது, காயத்துக்கு எண்ணெய் தடவுவது, இரவில் கதவைத் தாழிடுவது என்று அத்தியாயங்கள் போகின்றன. மந்திரம் குறைவு என்று பழைய வாசகர் பலர் சலித்துக்கொண்டார்கள். உமக்கும் சலிப்பு வந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர். பெரிய போர்கள் முடிந்த பின்பு உலகத்தை நடத்துகிறவர்கள் யார் என்ற கேள்வியை இந்த வகை எழுத்தில் இத்தனை நேராகக் கேட்ட இன்னொரு நூலை நான் வாசித்ததில்லை. இங்கே பெண்கள் தனியே நடத்தும் வீடுகள் எத்தனை என்பதைக் கண்ட பிறகு, அது மெதுவான நாவல் என்ற புகார் எனக்குப் பொருளற்றதாகிவிட்டது.

எமது வாசகர் வட்டத்து இளையவர்கள் சீன எழுத்தாளர் லியூ சிசினையே கொண்டாடுகிறார்கள். அவருடைய ‘தி த்ரீ பொடி புரொப்ளம்’ நாவலில் வரும் கலாசாரப் புரட்சிக் காட்சி எனக்கு வேற்றுலகத்தாரைவிட அதிகம் அச்சந்தந்தது. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகராவையும் அவர்கள்தான் எனக்கு அறிமுகப்படுத்தினார்கள். 2023இல் வெளிவந்த ‘தி செயின்ற் ஒஃப் பிரைற் டோர்ஸ்’ நெபியூலா விருதைப் பெற்றது. ஞானியாகிய தந்தையைக் கொல்வதற்கென்றே தாயால் வளர்க்கப்பட்ட மகன், அடையாள அட்டைகளும் தடுப்பு முகாம்களும் கொள்ளைநோயும் திறக்க முடியாத கதவுகளும் நிறைந்த ஒரு நகரத்தில் அலைகிறான். கிளார்க் மேலிருந்து கண்ட இதே தீவை இவர் வரிசையில் நின்று காண்கிறார். கட்டமைப்பு சில இடங்களில் தளர்கிறது. அதனால் ஐந்தாமிடத்தை இன்னும் அவருக்கு எழுதிக்கொடுக்கவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருந்தீர். வரும்போது ‘தெஹானு’வில் ஒரு பிரதி கொண்டு வாரும், என்னுடையதை ஒரு மாணவி வாங்கிச் சென்று தோழிகளுக்கும் கொடுத்துவிட்டாள், அது இனித் திரும்பாது. சுஜாதாவை மூன்றாம் இடத்துக்கு உயர்த்த நீர் உடன்பட்டால், வெறுமையாக இருக்கும் எனது ஐந்தாமிடத்துக்குக் கிளார்க்கை ஏற்றுக்கொள்வது பற்றி நானும் யோசிக்கலாம்.

என்றும் உமது,
பழைய வகுப்புத் தோழன்