பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு: அயர்ன் பாக்ஸைத் திருப்பிப் பார்க்கும் வீட்டுப்பாடம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்த வாரம் உங்கள் பிள்ளை வீட்டில் அயர்ன் பாக்ஸ், கெட்டில், ஹீட்டர் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால் திட்ட வேண்டாம். நான் கொடுத்த வீட்டுப்பாடம் அது.

போன தேர்வில் ஒரு கணக்கு: மின்னழுத்தம் 12 வோல்ட், மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், மின்தடை என்ன, திறன் என்ன? பாதி வகுப்பு 12ஐ 500ஆல் வகுத்து 0.024 ஓம் என்று எழுதிவிட்டது. ஒன்றரை மீட்டர் ஒயருக்குத்தான் அவ்வளவு குறைந்த தடை இருக்கும். 500 மில்லி ஆம்பியரை முதலில் 0.5 ஆம்பியர் என்று மாற்றியிருந்தால் தடை 24 ஓம், திறன் 6 வாட். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். வந்த விடை நடக்கக்கூடியதா என்றுதான் யாரும் யோசிக்கவில்லை.

அதனால்தான் இந்த ஏற்பாடு. அயர்ன் பாக்ஸின் விவரத் தகட்டில் (வோல்ட், வாட் அச்சிட்டிருக்கும் சிறு தகடு) 230 வோல்ட், 1000 வாட் என்று இருக்கிறதா? வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம், சுமார் 4.35 ஆம்பியர். வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் தடை, ஏறக்குறைய 53 ஓம். இரண்டே வகுத்தல். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை என்பதுதான் ஓம் விதி. 1827இல் அதைப் புத்தகமாக வெளியிட்ட ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். எங்கள் ஆள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை!

அடுத்து ஹீட்டர். 1500 வாட் என்றால் 6.5 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு உரியது. அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஹீட்டரை மாட்டுகிற வீடுகள் நம் ஊரில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பிளக் கருகிய வாசனை வருவது இதனால்தான். பெரிய பாயிண்டில் போடச் சொல்லிப் பிள்ளை நச்சரித்தால், தயவுசெய்து கேளுங்கள்.

இன்னொன்று. சாயங்காலம் லோ வோல்டேஜில் வெந்நீர் காய மறுக்கிறதே, அதுவும் இதே கணக்குதான். அந்த ஹீட்டரின் தடை 35 ஓம் சொச்சம். மின்னழுத்தம் 180க்கு இறங்கினால் மின்னோட்டமும் கூடவே 5.1 ஆம்பியருக்கு இறங்கிவிடும். இரண்டையும் பெருக்கினால் 920 வாட் அளவுதான் வரும். அழுத்தம் கால் பங்குகூடக் குறையவில்லை, சூடு மட்டும் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது.

மிக்ஸி, ஃபேன் வேண்டாம். அவற்றில் இருப்பது மோட்டார். சுற்றும்போது அதுவே எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குவதால் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துச் சுருளின் தடை இதுதான் என்று சொல்ல முடியாது. சூடாக்கும் சாதனங்கள் மட்டும் போதும்.

எதையும் கழற்றக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, சாதனம் ஆறிய பிறகு தகட்டைப் படித்து நோட்டில் எழுதினால் போதும். அப்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள். மீட்டர் வைத்து அளப்பதெல்லாம் பள்ளி ஆய்வகத்தில், 1.5 வோல்ட் பேட்டரியில்தான்.

வீட்டில் இவை எதுவும் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். பள்ளியில் இரண்டு பழைய அயர்ன் பாக்ஸ் வைத்திருக்கிறோம், மதிய இடைவேளையில் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். நோட்டில் உங்கள் கையெழுத்தோடு திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்