எங்கள் அரட்டை சர்வரைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

வணக்கம். எங்கள் குழுவின் மேட்டர்மோஸ்ட் (நாமே நிறுவிக்கொள்ளும் அரட்டை மென்பொருள்) சர்வர் இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 22 பேரும் இப்போது அதில்தான் பேசிக்கொள்கிறோம். "நீதானே நிறுவினாய்" என்று யாராவது பாராட்டினால் கூச்சமாக இருக்கிறது. பெயர் வேண்டாம் என்றீர்கள், சரி. செய்த உதவியைச் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லையே!

மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் மேட்டர்மோஸ்டுக்கு ஒரு கன்டெய்னர், அதன் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்கு ஒரு கன்டெய்னர், அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். டேட்டாபேஸ் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் ('இதே கணினி') என்று எழுதிவிட்டு, இணைப்பு மறுக்கப்பட்டது என்ற ஒரே வரியை ஒரு மாலை முழுக்க வெறித்துக்கொண்டிருந்தேன். "கன்டெய்னருக்குள்ளே லோக்கல்ஹோஸ்ட் என்றால் யார்?" என்று நீங்கள் ஒரு கேள்விதான் கேட்டீர்கள். அது அந்தக் கன்டெய்னரேதான். கன்டெய்னர்களை விவரிக்கும் கம்போஸ் கோப்பில் டேட்டாபேஸுக்கு இருந்த சர்வீஸ் பெயரைப் போட்டதும் இணைந்துவிட்டது. விடையை நேராகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டதற்குத் தனி நன்றி.

அப்புறம் அனுமதிச் சிக்கல். மேட்டர்மோஸ்ட் கன்டெய்னருக்குள் 2000 என்ற பயனர் எண்ணில் ஓடுகிறது. அதன் ஃபோல்டரை நான் ரூட் (நிர்வாகி) பெயரில் உருவாக்கியிருந்ததால் அதற்கு அங்கே எழுத அனுமதி இல்லை. லாகை (சர்வரின் பதிவுகளை) பார்த்த நொடியில் கண்டுபிடித்தீர்கள்.

செய்திகள் தானாக வராமல், பக்கத்தைப் புதுப்பித்தால்தான் தெரிந்த கதை இன்னும் வேடிக்கை. முன்னால் நின்று கோரிக்கைகளை மேட்டர்மோஸ்டுக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ், செய்திகளை உடனுக்குடன் கொண்டுவரும் வெப்சாக்கெட் இணைப்புக்கு வேண்டிய அப்கிரேட் ஹெடர்களை (கோரிக்கையோடு போகும் குறிப்புகளை) உள்ளே அனுப்பவில்லை. அதைச் சரிசெய்த கையோடு, 1 எம்பிக்கு மேல் கோப்பு ஏறாததற்கும் என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்புதான் காரணம் என்று காட்டினீர்கள். நான் மேட்டர்மோஸ்ட் அமைப்புகளைக் குடைந்துகொண்டிருந்தேன்.

ஃபயர்வால் போட்டாயிற்று என்று நான் நிம்மதியாக இருந்தபோது, வெளியிலிருந்து மேட்டர்மோஸ்டின் 8065 போர்ட்டைத் திறந்து காட்டியவரை மறக்கமாட்டேன். டாக்கர் வெளியிடும் போர்ட், நாம் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலில் எழுதிய விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்று அன்றுதான் தெரிந்தது. போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 (இதே கணினியின் உள்முகவரி) சேர்த்ததும் அந்த வாசல் மூடியது.

இதெல்லாம் போகட்டும். மூன்றாவது வாரம் நான் செய்த காரியம்தான் பெரியது. எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்ப எழுப்பலாம் என்று, கன்டெய்னர்களை நிறுத்தி நீக்கும் டவுன் கட்டளையோடு எங்கோ பார்த்த 'வி' கொடியையும் (-v என்ற கூடுதல் குறியையும்) சேர்த்து அடித்தேன். அது கன்டெய்னர்களோடு, தரவைச் சேமித்து வைக்கும் வால்யூமையும் அழித்துவிடும். போஸ்ட்கிரெஸ் தரவு முழுக்க அந்த வால்யூமில்தான் இருந்தது. வயிறு கலங்கிவிட்டது.

நிறுவிய முதல் நாளிலிருந்தே "டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுக்கிறாயா, எடுக்கிறாயா" என்று நச்சரித்தது நீங்கள். தொல்லை தாங்காமல்தான் இரவு 2 மணிக்கு ஒரு டம்ப் எடுக்க வைத்திருந்தேன். அன்று தொலைபேசியிலேயே இருந்து வழி சொன்னீர்கள். முதலில் டேட்டாபேஸ் கன்டெய்னரை மட்டும் எழுப்பு, மேட்டர்மோஸ்ட் முந்திக்கொண்டால் அதுவே காலி டேபிள்களை உருவாக்கிவிடும், டம்பை ஏற்றிய பிறகு அதை விடு என்று. அந்த ஒரு எச்சரிக்கை இல்லாவிட்டால் இன்னொரு குழப்பத்தையும் சேர்த்திருப்பேன். ஒன்பது மணி நேரப் பேச்சு மட்டும் போயிற்று. அந்த நேரத்தில் ஏற்றிய படங்கள் தனி ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. அவற்றைச் சுட்டும் செய்திகள்தான் இல்லை.

அந்த ஒன்பது மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறைசொல்லாமல், கேட்டதைத் திரும்ப எழுதிக்கொடுத்த குழுவினருக்கும் நன்றி. இப்போது டம்ப் வேறொரு கணினிக்கும் போகிறது. மாதம் ஒருமுறை அதைச் சோதனை கன்டெய்னரில் ஏற்றிப் பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் ஏறியது.

அன்புடன்,
இன்னமும் அந்த 'வி'யைக் கண்டால் விரல் நடுங்கும் உங்கள் நண்பன்