குடியிருப்போர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. கொசு மருந்து இரண்டு முறை அடித்தோம். ஐந்து தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. செயற்குழுவை ஆறு முறை கூட்டினோம். கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேர்ந்தது மூன்று முறை.

பிள்ளைகளுக்கு நான் நடத்தும் ஞாயிறு வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னிடம் நேரில் கேட்காமல் வாட்ஸ்அப்பில் பலர் பேசித் தீர்த்துவிட்டதால், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஜூனில் சங்க அறையில் ஒன்பது பிள்ளைகளுடன் தொடங்கினேன். முதல் பாடம் நம் மதுரையே. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர், சாதியைச் சொல்லி அதுவரை உள்ளே விடப்படாதிருந்த கக்கன் உள்ளிட்ட சிலரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனார். பட்டர்கள் சிலர் பூசைக்கு வர மறுத்தார்கள். அழைத்துப் போனவர்கள் வழக்கில் மாட்டாமலிருக்க ராஜாஜி அரசு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. தேதியை மனப்பாடம் செய்தால் பரீட்சையில் ஒரு மார்க் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு சிறுமி, "அதுக்கு முன்னாடி அவங்க எங்க நின்னு சாமி கும்பிட்டாங்க சார்?" என்று கேட்டாள். மறு வாரம் எல்லோரையும் கூட்டிப்போய், உள்ளே போகாமல், சித்திரை வீதியில் கால் மணி நேரம் நிற்க வைத்தேன். நல்ல வெயில். யாரும் சத்தம் போடவில்லை.

அதன் பிறகுதான் புகார். வீட்டுக்கு வேலைக்கு வருபவருக்கு மட்டும் ஏன் தனி டம்ளர் என்று ஒரு பையன் கேட்டுவிட்டானாம். "பிள்ளைக்குச் சாதியே தெரியாது, நீங்கள் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள்" என்றார்கள். எந்த டம்ளர் யாருக்கு என்பது அவனுக்கு முன்பே தெரியும் ஐயா. ஏன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. நவம்பரில் சாக்கடை அடைத்தபோது ஓர் ஆளைக் குழிக்குள் இறக்கினோம். பாதுகாப்புக் கவசம் எதுவும் இல்லை. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி அது குற்றம் என்று நானே பாடம் நடத்தியிருந்தேன். "இது தப்புன்னு சொன்னீங்களே சார்?" பால்கனியிலிருந்து பார்த்த அதே சிறுமிதான். அந்த வேலைக்கான வவுச்சரில் இருப்பது என் கையெழுத்து. இனி அடைப்பு எடுக்க இயந்திர வண்டி மட்டுமே வரும் என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். செலவு கூடும்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு குறைவு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. தலைவர், பொருளாளர், வார்டு உறுப்பினர், பந்தல்காரர், தண்ணீர் கேன் தந்து உதவிய கடைக்காரர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் வகுப்பு நடக்குமா என்று கேட்கிறார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு யாராவது அறையைத் திறந்தால் நடக்கும். எனக்கு முழங்கால் வலி. சாவியை யார் கேட்டாலும் தருகிறேன்.

பதினேழு வீடுகளின் சந்தா நிலுவையில் இருக்கிறது. பெயர்களை வாசிக்கப் போவதில்லை. பட்டியல் காபி வைத்திருக்கும் மேசையில், வருகைப் பதிவேட்டுக்கு அடியில் இருக்கிறது.

செயலாளர்