உப்புசம் முந்தியா, பட்டினி முந்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார நலவாழ்வுப் பக்கத்தில் வயிற்று உப்புசம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ராத்திரிச் சோற்றை விடுங்கள், பாலை நிறுத்துங்கள், பருப்பு, கிழங்கு, கோதுமை எல்லாவற்றையும் குறைத்துப் பாருங்கள், பச்சைக் காய்கறி நிறையச் சாப்பிடுங்கள் என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் நடுவயதுக்காரருக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் உங்கள் பத்திரிகை போகும் வீடுகளில் பதினாறு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஏற்கெனவே சாப்பாட்டை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வருபவர்கள். அப்படி ஒரு பிள்ளை கையில் இந்த மாதிரிப் பட்டியல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்துவிட்டோம். அதனால்தான் எழுதுகிறேன்.

என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். கொஞ்சம் இளைக்கலாம் என்று ஆரம்பித்தவள், நிறுத்த நினைத்தாலும் முடியாத நிலைக்குப் போய்விட்டாள். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்க வைக்கும் இந்த மனநோயை அனோரெக்சியா நெர்வோசா என்கிறார்கள் டாக்டர்கள். அந்தப் பெயர் எங்கள் காதில் விழுவதற்கு முன்னால் அவள் வயிற்றுக்குத்தான் வைத்தியம் நடந்தது. கேஸ் மாத்திரை, அல்சர் மருந்து, பூச்சி மருந்து, அப்புறம் பாட்டி வைத்துக் கொடுத்த ஓமத் தண்ணீர். அரை இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுவிட்டு, சுடிதார் நாடாவைத் தளர்த்திக்கொண்டு, "அத்தை, இங்க கை வச்சுப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு" என்பாள். கை வைத்தால் உண்மையிலேயே உப்பித்தான் இருக்கும். அவள் நடிக்கவில்லை, சாக்குச் சொல்லவும் இல்லை. இதை முதலில் நாம் நம்ப வேண்டும்.

நாள்கணக்கில் வயிற்றுக்குச் சரியாகப் போடாவிட்டால் உடம்பு எல்லாச் செலவையும் குறைத்துக்கொள்கிறது. இதயத் துடிப்பு குறைகிறது, மாதவிடாய் நிற்கிறது. இரைப்பையும் மெதுவாகிவிடுகிறது. சாப்பிட்டது குடலுக்கு இறங்க வழக்கத்தைவிட நெடுநேரம் ஆகும். காஸ்ட்ரோபரேசிஸ் என்பது இதுதான். இரண்டு வாய்க்கே வயிறு நிறைந்துவிடும், குமட்டும், ஏப்பம் வரும், ஊதும். கீழே பெருங்குடலும் மந்தமாகி மலம் இறுகிவிடும். "இத்தனூண்டு சாப்பிட்டதுக்கே இப்படின்னா இன்னும் சாப்பிட்டா என்ன ஆகும்?" என்று அந்தப் பிள்ளை இன்னும் குறைக்கிறது, குடல் இன்னும் மந்தமாகிறது. வெள்ளரியும் கேரட்டும் நார்ச்சத்துப் பொடியும் அந்த நேரத்தில் உப்புசத்தைக் கூட்டத்தான் செய்யும்.

நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள். புண் எதுவும் இல்லை. "காரம், எண்ணெய், பால் வேண்டாம்" என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளை அவள் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். யார் சாப்பிடச் சொன்னாலும் எடுத்து நீட்டுவாள். டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டாரே, நாங்கள் என்ன பேச முடியும்? அடுத்து பார்த்த டாக்டர் புதிதாக எந்தச் சோதனையும் எழுதவில்லை. வயிற்று உப்புசம் முதலில் வந்ததா, சாப்பாடு முதலில் குறைந்ததா என்று கேட்டார். மாதவிடாய் எப்போது நின்றது என்று கேட்டார். வயிற்றுக் கோளாறோடு வரும் ஒல்லியான இளம் பிள்ளை எவரிடமும், ஆணோ பெண்ணோ, இதைக் கேட்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடல் காசநோய், குடல் அழன்று புண்ணாகும் கிரோன் நோய், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் எல்லாவற்றிலும் எடை குறையும், வயிறு வலிக்கும். அவற்றைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்த்து, இல்லை என்றான பிறகும் வயிற்றையே சுற்றிக்கொண்டிருப்பதுதான் தவறு.

ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் கூடுதலாக இருந்தன. பட்டினியில் ஈரல் செல்களும் பாதிக்கப்படுகின்றன, அதனால் அப்படி வருவதுண்டு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உடனே மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பு, எண்ணெய் இல்லாத பத்தியம் வைத்தார்கள். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கும் பிள்ளைக்கு எண்ணெயையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

மிகவும் மெலிந்துபோனவர்களுக்கு இன்னொன்றும் வரலாம். முன்சிறுகுடலின் ஒரு பகுதி, உடம்பின் பெரிய தமனிக்கும் அதிலிருந்து பிரிந்து குடலுக்குப் போகும் தமனிக்கும் நடுவே போகிறது. அங்கே இருக்கும் கொழுப்புதான் இடைவெளியைக் காப்பாற்றுகிறது. அந்தக் கொழுப்பு கரைந்துவிட்டால் இரண்டு தமனிகளும் குடலை நெருக்கும். சாப்பிட்டதும் கடுமையான வலி, பச்சையாகப் பித்த வாந்தி. முன்னால் குனிந்தாலோ இடது பக்கம் படுத்தாலோ கொஞ்சம் அடங்கும். ஸ்கேனில் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு எடை ஏறினாலே வழி திறக்கும். தேவைப்பட்டால் அடைப்பைத் தாண்டிக் குழாய் போட்டு ஊட்டுவார்கள்.

மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சீட்டு இல்லாமல் அடிக்கடி பேதி மாத்திரை கேட்டு வரும் இளம் பிள்ளையைக் கவனியுங்கள். அந்த மாத்திரை வேலை செய்வது பெருங்குடலில். உணவின் சத்தோ பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். வெளியே போவது தண்ணீரும் பொட்டாசியமும்தான். பொட்டாசியம் இறங்கினால் இதயத்தின் தாளமே தப்பும். நெடுநாள் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். அதைக் கொழுப்பு என்று பயந்து மறுபடியும் மாத்திரைக்கே போவார்கள். அதனால் நிறுத்துவதையும் டாக்டர் பார்வையில்தான் செய்ய வேண்டும். சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பவர்களுக்கு மேல்பற்களின் உட்புறம் கரையும், பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல் கன்னம் இரண்டும் வீங்கும். பல நேரம் பல் டாக்டர்தான் முதலில் கண்டுபிடிக்கிறார். அந்த வாந்தியில் ரத்தம் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

சரி, சாப்பிட வைத்தால் தீர்ந்ததா என்றால், அதிலும் ஆபத்து இருக்கிறது. அவள் சம்மதித்த அன்று சொந்தக்காரர்கள் நெய்ச்சோறும் பிரியாணியுமாக வந்து நின்றார்கள். அவர்கள் அன்பில் குறை இல்லை. ஆனால் காய்ந்து கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து நிறையச் சேர்ந்தால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட் என்ற தாது உப்பு செல்களுக்குள் இழுக்கப்பட்டு அளவு சரிந்துவிடும். இதயமும் மூச்சும் நின்றுபோகக்கூடும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து விடுதலையானவர்களில் சிலர் நல்ல சாப்பாடு கிடைத்த பிறகு இறந்துபோனது இதனால்தான். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதிலும் இதே ஆபத்து உண்டு. அதனால்தான் ரொம்ப மோசமான நிலையில் இருப்பவர்களை வார்டில் சேர்த்து, ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் பார்த்துப் பார்த்து உணவைக் கூட்டுகிறார்கள்.

அப்புறம் சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்து, ஒரு பங்கைக் கஞ்சியாகவோ சத்துப் பானமாகவோ கொடுத்தார்கள். திரவம் இரைப்பையிலிருந்து சீக்கிரம் இறங்கும். இரைப்பையை அசைக்கும் மாத்திரையும் கொஞ்ச நாளைக்குத் தந்தார்கள். கூடவே மனநல மருத்துவர் வாராவாரம் பேசினார். முதல் சில வாரம் உப்புசம் இருக்கத்தான் செய்யும், அது கெடுதல் இல்லை, குடல் மறுபடி வேலைக்குத் திரும்புகிறது என்று முன்கூட்டியே சொன்னது பெரிய உதவியாக இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அவள் ஓடியே போயிருப்பாள். எடை ஏற ஏற, வயிறு தானாகவே சரியாகி வருகிறது.

2025 மார்ச்சில் கேரளத்தில் 18 வயது மாணவி ஒருவர், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் மாதக்கணக்கில் சாப்பாட்டை ஒதுக்கி உயிரிழந்த செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. டயட் விபரீதம் என்று இரண்டு நாள் பேசிவிட்டு விட்டுவிட்டோம். அது ஒரு நோய். வீம்பும் இல்லை, அழகு மோகமும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். எந்த உணவையும் ஒதுக்கச் சொல்லும் பட்டியலைப் போடும்போது, எடை குறைந்துகொண்டே வருபவர்களும், மாதவிடாய் நின்ற பெண்களும், சாப்பிடவே பயப்படுபவர்களும் இதைப் பின்பற்றாமல் டாக்டரைப் பாருங்கள் என்று கூடவே ஒரு வரி போடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐயும் சேருங்கள், தமிழிலேயே பேசலாம். இரண்டாவதாக, ஒரு குடல் மருத்துவரையும் ஒரு மனநல மருத்துவரையும் சேர்ந்து இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். தனித்தனியாக எழுதினால் வயிற்று வலி உள்ள வீட்டில் வயிற்றுக் கட்டுரையை மட்டும்தான் கத்தரித்து வைப்பார்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தஞ்சாவூர்.