பட்டியலைச் சரிசெய்யாமல் சிஆர்எம் வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளரும் கடைகளுக்கான வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருள், அதாவது சிஆர்எம், பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையில் எதில் என்ன வசதி என்ற ஒப்பீடு நன்றாகவே இருந்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் கடை நடத்துகிறவர்களுக்கு வசதியெல்லாம் அடுத்த பேச்சு. இங்கே சிஆர்எம் படுத்துவிடுவது பெரும்பாலும் அதற்குள் நாம் ஏற்றும் வாடிக்கையாளர் பட்டியலால்தான்.

பெயரையே பாருங்கள். எங்கள் பக்கத்து வாடிக்கையாளர் பட்டியல் எதைப் புரட்டினாலும் நாயுடு, பிள்ளை, கோவேந்தர், மூட்லி, ரெட்டி என்றுதான் வரிசையாக வரும். போதாததற்கு, பிள்ளையை ஆங்கிலத்தில் ஒருவர் கடைசியில் ஒய் போட்டு எழுதுவார், இன்னொருவர் ஐ போடுவார். பெயரை வைத்து இரட்டைப் பதிவு பிடிக்கும் மென்பொருள் ஒரே ஆளை இரண்டாக்கும், இரண்டு பேரை ஒன்றாக்கும். ஆகவே கைபேசி எண்தான் அடையாளம். ஏற்கெனவே உள்ள எண்ணுக்குப் புதுப் பதிவு போட விடாமல் தடுக்க முடியுமா என்பதே விற்க வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அந்த எண்ணையும் எக்செல் சும்மா விடாது. சிஎஸ்வி கோப்பை, அதாவது பட்டியலை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பை, இருமுறை சொடுக்கித் திறந்தால், 082 என்று தொடங்கும் பத்து இலக்க எண்ணின் பூஜ்யத்தை விழுங்கிவிடும். பில் புத்தகத்திலிருந்து எழுதியது பூஜ்யத்தோடு, வாட்ஸப்பிலிருந்து எடுத்தது +27 என்ற நாட்டுக் குறியீடு சேர்த்து, எக்செலில் கிடப்பது ஒன்பது இலக்கமாக. ஒரே எண் மூன்று வாடிக்கையாளராகிவிடும். கோப்பை நேராகத் திறக்காமல் டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, எண் இருக்கும் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் +27, அதன்பின் ஒன்பது இலக்கம் என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றி, அதற்கப்புறம் ஏற்றலாம். 13 இலக்க அடையாள எண்ணையும் சிலர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். எக்செல் அதைச் சுருக்கி, நடுவில் ஆங்கில ‘E’ எழுத்துப் போட்ட எண்ணாகக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். கடனுக்கு விற்காத கடைக்கு அந்த எண் எதற்கு என்பது வேறு கேள்வி. அதன் முதல் ஆறு இலக்கமே ஒருவரின் பிறந்த தேதி.

சட்டமும் இங்கேதான் வருகிறது. போப்பியா என்று எல்லோரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2021 ஜூலை 1 முதல் எல்லா வணிகமும் கட்டுப்பட்டாக வேண்டும். அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். அதன் 69ஆம் பிரிவின்படி, நம்மிடம் எதுவும் வாங்காதவருக்கு எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ விளம்பரம் அனுப்பச் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தையும் ஒரே ஒரு தடவைதான் கேட்கலாம். விற்கும்போது எண் கொடுத்தவருக்கு அதே மாதிரிச் சரக்கைப் பற்றி அனுப்பலாம், ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் ‘வேண்டாம்’ சொல்ல வழி இருக்க வேண்டும். சம்மதம் உண்டா, எந்தத் தேதியில், எந்த வழியில் என்று ஒவ்வொரு பதிவிலும் நிரப்ப மூன்று கட்டங்களை நாமே சேர்க்க முடியாத மென்பொருளைப் பார்ப்பதே நேர விரயம்.

‘வேண்டாம்’ என்றவரின் பதிவை அழித்துவிடுவது பலரும் நல்லெண்ணத்தோடு செய்யும் வேலை. பழைய கோப்பை மறுபடி ஏற்றும்போது அவர் புது ஆளாக உள்ளே வந்து, தீபாவளித் தள்ளுபடிச் செய்தியும் அவருக்குப் போய்விடும். பதிவு இருக்கட்டும், தடைக்குறியோடு இருக்கட்டும். இரட்டைப் பதிவுகளை இணைக்கும்போதும் இதே வம்புதான். சோதனைக் காலத்திலேயே ஒரு பதிவில் ‘சரி’, அதன் இரட்டையில் ‘வேண்டாம்’ என்று வைத்து இணைத்துப் பார்க்கவும். ‘வேண்டாம்’ காணாமல் போனால் அந்த மென்பொருள் ஆகாது.

விலை பல இடங்களில் டாலரில், மென்பொருளைப் பயன்படுத்தும் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று இருக்கும். ஸோஹோ சிஆர்எம்மில் மூன்று பேர் வரை இலவசம் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட இலவசத் திட்டங்களில் நான்காவது ஆள் வந்தால் அவருக்கு மட்டும் கட்டிவிட்டுப் போக முடியாது, நால்வருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும். அடுத்த ஆண்டு எத்தனை பேர் இருப்பார்கள் என்று வைத்து, ராண்ட் இறங்கினால் என்ன ஆகும் என்றும் பார்த்து, 15% வாட் வரி சேர்ந்த விலையா என்று கேட்டுக்கொண்டு கணக்குப் போடவும்.

வாட்ஸப்பை சிஆர்எம்மோடு இணைத்தால், வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்தபின் வாட்ஸப்பிடம் முன்கூட்டி ஒப்புதல் வாங்கிய வாசகத்தைத்தான் அனுப்ப முடியும். எஸ்எம்எஸ்ஸில் தமிழ் வாழ்த்து அனுப்புகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் அதிகபட்சம் 70தான். வாழ்த்து கொஞ்சம் நீண்டாலே இரண்டு செய்திக் காசு.

கடைசியாக, பணம் கட்டுமுன் ஐம்பது பதிவுகளை ஏற்றி, கல்லாவில் நிற்கிற ஊழியரிடமே நாலு நாள் கொடுத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்க்கவும். பெயரும் எண்ணும் எதிலும் வந்துவிடும். பேசிய குறிப்புகள், இணைத்த கோப்புகள், சம்மதத் தேதி ஆகியவையும் கூடவே வந்தால் ஆண்டுச் சந்தா கட்டலாம். வராவிட்டால் மாதச் சந்தாவுக்கு மேல் போக வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்