மதகு திறந்த ரிஜிஸ்டரை கொஞ்சம் காட்டுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சென்னையில அடையாறு கரையோரம் ஜாபர்கான்பேட்டையில ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். இருபது வருஷமா உங்க பேப்பரை கடையில வாங்கி போடறேன், வர்றவங்களும் படிப்பாங்க நானும் படிப்பேன், ஆனா லெட்டர் எழுதறது இதான் முதல் தடவை, தப்பு இருந்தா நீங்களே திருத்திக்கோங்க. பருவமழை முன்னேற்பாடு பத்தி போன வாரம் செய்தி போட்டிருந்தீங்க, மோட்டார் பம்பு, படகு, முகாம், அதிகாரிங்க ஆய்வுன்னு. எல்லாம் சரிங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏரி மதகை திறக்கணும்னா யார் முடிவு எடுப்பாங்க, எடுத்தப்புறம் எங்க தெருவுக்கு வந்து யார் சொல்லுவாங்க, இது மட்டும் அதுல எங்கயும் இல்ல.

ஏன் கேக்கறேன்னா 2015 டிசம்பர் 1 ராத்திரி யாரும் வந்து சொல்லல. கரண்ட் கிடையாது, போன்ல டவர் கிடையாது. நவம்பர் பூரா பேஞ்சு ஊறிப்போன ஊரு, அன்னிக்கு ஒரே நாள்ல தாம்பரத்துல 49 செ.மீ., செம்பரம்பாக்கத்துல 47 செ.மீ.ன்னு கொட்டுனது எல்லாம் அப்புறம் பேப்பர்ல படிச்சு தெரிஞ்சுக்கிட்டது தான். எனக்கு முதல்ல தெரிஞ்சது பாத்ரூம்ல. தண்ணி வெளிய போற ஓட்டையில குபுகுபுன்னு சத்தம், டார்ச் அடிச்சு பாத்தா போற தண்ணி திரும்பி மேல வருது, கருப்பா. கடை வீட்டுக்கு முன்னாடி தான், ஷட்டரை தூக்கி மெஷினை டேபிள் மேல ஏத்திடலாம்னு ஓடினேன், அது ரெண்டு ஆளு தூக்கற சாமானா, நானும் என் பொண்ணும் ஒரு பக்கம் பிடிக்கறதுக்குள்ள டேபிளே மிதக்க ஆரம்பிச்சிடுச்சு. விட்டுட்டு மாடி வீட்டுக்காரர் கிட்ட ஏறிட்டோம். விடிஞ்சப்புறம் மீனவர்ங்க போட் வந்துச்சு, தெருவுக்குள்ள போட் வந்ததை நான் அன்னிக்கு தான் பாத்தேன். தண்ணி வடிஞ்சதும் கடை சுவத்துல நின்ன கோட்டை டேப் வெச்சு அளந்தேன், ஏழு அடி ரெண்டு இஞ்ச். மெஷினுக்கு இன்னும் பதினோரு மாசம் தவணை பாக்கி இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து அடையாறுல வினாடிக்கு 29,000 கனஅடி திறந்து விட்டாங்க. சொல்லாம திறந்தாங்க, மேலிடத்து உத்தரவுக்கு காத்துக்கிட்டு லேட்டா திறந்தாங்கன்னு அப்போ எதிர்க்கட்சியா இருந்த தி.மு.க. தரப்பு சொல்லிச்சு, அதெல்லாம் பொய், விதிப்படி படிப்படியா தான் திறந்தோம்னு தலைமைச் செயலாளரே நீளமா ஒரு விளக்கம் கொடுத்தார். ரெண்டரை வருஷம் கழிச்சு 2018 ஜூலையில சட்டசபையில வெச்ச சி.ஏ.ஜி. (அரசு கணக்கை தணிக்கை பண்றவங்க) ரிப்போர்ட் இது மனுஷனால வந்த பேரழிவுன்னே எழுதிச்சு, ஏரியை கையாண்ட விதத்துல தப்பு இருக்குன்னு சொல்லிச்சு. சரி, அதுக்கப்புறம்? அதனால ஒரு அதிகாரியாவது ஒரு அமைச்சராவது பதவியை விட்டு இறங்கினாங்கன்னு நான் எங்கயும் படிக்கல, நீங்க படிச்சிருந்தா சொல்லுங்க.

இதுல நியாயமா ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்குள்ள வந்த தண்ணி முழுக்க செம்பரம்பாக்கத்து தண்ணின்னு நான் சொல்ல மாட்டேன். ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கம் இருக்கற ஏரிங்க நிரம்பி வழிஞ்ச தண்ணியும் அதே அடையாறுல தான் வந்து விழுது. ஆத்தங்கரையில வீடு கட்ட விட்டது, பட்டா கொடுத்தது, ஏர்போர்ட் ரன்வேயையே ஆத்து மேல பாலம் போட்டு நீட்டினது எல்லாம் சேந்தது தான், அதுல எந்த கட்சியும் யோக்கியம் இல்ல, அகலமா இருந்த கரையில குடியேறின நாங்களும் சேத்தி. ஆனா மழை ரொம்ப பெருசுங்கறது வேற, மதகை எப்போ திறந்தீங்கங்கறது வேற. முதல் கேள்விக்கு பதிலை வெச்சு ரெண்டாவது கேள்வியை மூடறது தான் பத்து வருஷமா நடக்குது.

மதகு கிட்ட நிக்கற இன்ஜினியர் நிலைமையை நினைச்சு பாத்தா பாவமா தான் இருக்கு. செம்பரம்பாக்கம் சென்னைக்கு குடிக்கற தண்ணி, முழு கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. மழைக்கு முன்னாடியே கொஞ்சம் திறந்து ஏரியில இடம் விட்டு வெச்சா வெள்ளம் குறையும், ஆனா திறந்ததுக்கப்புறம் மழை பேயலைன்னா? குடி தண்ணியை கடல்ல விட்டுட்டான்னு அவரை தான் தொங்க விடுவாங்க. 2019 கோடையில அந்த ஏரி காஞ்சு வெடிச்சு கிடந்ததும் குடத்தை தூக்கிட்டு லாரி பின்னாடி நாம ஓடினதும் மறந்துடுச்சா? அதனால எந்த அதிகாரியும் தன் பேர்ல முன்கூட்டி திறக்க மாட்டார், மேல கேப்பார், மேல இருக்கறவர் அதுக்கும் மேல கேப்பார், அதுக்குள்ள மழை கேக்காம வந்துடும். ஒரு ஆளை குத்தம் சொல்றதுக்கு முன்னாடி இந்த இடத்தை தான் சரி பண்ணணும். இத்தனை அடி வந்தா, இவ்வளவு மழை வரும்னு எச்சரிக்கை வந்தா, யாரையும் கேக்காம இத்தனை கனஅடி திறக்கலாம்னு எழுதி வெச்சு, அதை நாங்களும் படிக்கற மாதிரி வெளியிட்டுட்டா அந்த இன்ஜினியரும் ராத்திரி நிம்மதியா முடிவு எடுப்பார்.

இப்போ ஒன்பது வருஷம் தள்ளி வாங்க. 2024 டிசம்பர், பெஞ்சல் புயல், சாத்தனூர் அணை. டிசம்பர் 2 விடியக்காலை 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தென்பெண்ணையில போகுது, திருவண்ணாமலை விழுப்புரம் கடலூர்னு கரையோர ஊரெல்லாம் தண்ணி. அப்போ ஆட்சியில தி.மு.க., எதிர்க்கட்சி அ.தி.மு.க. ராத்திரியோட ராத்திரியா சொல்லாம திறந்துட்டாங்கன்னு அவங்க சொல்றாங்க, அஞ்சு தடவை எச்சரிக்கை கொடுத்து தான் திறந்தோம்னு இவங்க சொல்றாங்க, கூடவே 2015ல நீங்க பண்ணது என்னன்னு செம்பரம்பாக்கத்தை எடுத்து வீசறாங்க. டிவியில சவுண்டை மியூட் பண்ணிட்டு நானே வசனம் சொல்லிடுவேன், அப்படி மனப்பாடம் ஆயிடுச்சு, நாற்காலி மட்டும் தான் மாறி இருக்கு. விழுப்புரம் பக்கம் பாக்க போன அமைச்சர் மேல சேத்தை வாரி அடிச்சாங்க, அதுக்கு எந்த கட்சிக்காரன் காரணம்னு ரெண்டு நாள் விவாதம். அடிச்சவன் எந்த கட்சியா வேணா இருக்கட்டும், வீட்டுக்குள்ள அந்த சேறு எப்படி வந்துச்சுன்னு யாராவது விவாதம் வெச்சாங்களா?

அஞ்சு எச்சரிக்கை கொடுத்தோம்ங்கறது உண்மையாவே இருக்கட்டும். யாருக்கு கொடுத்தீங்க? கலெக்டர் ஆபீசுக்கு வந்துச்சா, தாசில்தார் வரைக்கும் வந்துச்சா, வி.ஏ.ஓ. மைக்கு கட்டின ஆட்டோல போய் தெருவுல சொன்னாரா, எத்தனை மணிக்கு? இதான் விஷயமே. கனஅடின்னு சொன்னா எங்க தெருவுல யாருக்குங்க புரியும்? 20,000 கனஅடின்னா என் கடை வாசப்படி வரைக்குமா, உள்ளயா, இல்ல மாடிக்கு ஏறணுமா? இப்போ டிஎன் அலர்ட்னு போன்ல ஆப் வந்திருக்கு, போட்டு வெச்சிருக்கேன், நல்லது தான், ஆனா அன்னிக்கு மாதிரி டவரே இல்லன்னா அந்த ஆப் என்ன பண்ணும். பாலத்து தூண்ல பெயிண்ட் அடிச்சு, தண்ணி இந்த கோட்டை தொட்டா இந்த இந்த தெரு காலி பண்ணணும்னு எழுதி வெச்சா போதும், அதுக்கு எந்த சாட்டிலைட்டும் வேண்டாம்.

தூத்துக்குடி கதையும் இதான். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 செ.மீ., நம்ம ஊரு வருஷ மழையில பெரும்பங்கு ஒரு நாள்ல. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஜனங்க ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம ஸ்டேஷன்ல மாட்டிக்கிட்டாங்க, அந்த ஊரு சனங்க தான் தங்களுக்கே இல்லாத நேரத்துல பொங்கி போட்டாங்க. மேல என்ன சண்டை தெரியுமா, வானிலை மையம் சரியா சொல்லலைன்னு மாநிலம், அஞ்சு நாள் முன்னாடியே சொன்னோமே அப்போ முதல்வர் டெல்லியில கூட்டணி மீட்டிங்ல இருந்தாரேன்னு மத்தியம். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி மிக்ஜாம் புயல்ல சென்னை மிதந்ததுக்கு மாநிலம் 5,060 கோடி கேட்டுது, மத்திய அரசு 450 கோடி விட்டுது, அது எப்படியும் வர வேண்டிய தவணை தானேன்னு மாநிலம் கேட்டுது. அப்பன் வீட்டு காசான்னு மாநிலத்து பக்கம் ஒரு வார்த்தை விழுந்துச்சு, மரியாதையா பேசுங்கன்னு மத்தியத்துல இருந்து பதில் வந்துச்சு, ஒரு வாரம் அதே பேச்சு. மாநில பேரிடர் நிதியில நூத்துக்கு எழுபத்தஞ்சு மத்தியம் இருபத்தஞ்சு மாநிலம்னு கணக்கு ஏற்கனவே எழுதி இருக்கு, இதுக்கு ஏன் அப்பனை எல்லாம் இழுக்கணும்.

அந்த வாரம் என் கடையில என்ன கூட்டம் தெரியுமா. வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய்க்கு டோக்கன் வராதவங்க எல்லாம் விண்ணப்பத்தோட ஆதார், பேங்க் பாஸ்புக் காப்பி வைக்கணும்னு வரிசையில நின்னாங்க. வேளச்சேரியில இருந்து இங்க சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்து தங்கி இருந்த ஒரு அம்மா, பாஸ்புக் நனைஞ்சு பக்கம் பக்கமா ஒட்டிப் போச்சு, பிரிச்சா கிழிஞ்சிடும், அதை அப்படியே கண்ணாடி மேல மெதுவா வெச்சு எடுங்க தம்பின்னாங்க. எடுத்தேன், கருப்பா தான் விழுந்துச்சு, நம்பர் தெரியல. இன்னொரு தடவை வெச்சு பாருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. 2015லயும் இதே மாதிரி, தண்ணியில போன சர்டிபிகேட்டுக்கு எல்லாம் சிறப்பு முகாம் போட்டு நகல் கொடுத்தாங்க, அது நல்ல வேலை, இல்லைன்னு சொல்லல. அதே 2015ல தான் யாரோ வெளியூர்ல இருந்து அனுப்பின அரிசி மூட்டையில அப்போதைய முதல்வர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினதும் நடந்துச்சு.

திட்டறதோட நிக்காம உருப்படியா மாத்திக்கிட்ட ஊரும் இருக்கு. ஒடிசாவுல 1999 புயல்ல கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் செத்தாங்க, அப்புறம் பேரிடருக்குன்னே தனியா ஒரு அமைப்பு வெச்சு, கடற்கரை பூரா புயல் கூடம் கட்டி, ஊருக்கு ஊரு ஆளுங்களை பழக்கி வெச்சாங்க. 2013ல பைலின் வந்தப்போ பத்து லட்சம் பேர் அளவுக்கு முன்னாடியே கிளப்பிட்டாங்க, சாவு அம்பதை கூட தாண்டல. அங்க அரசியல்வாதிங்க எல்லாம் தங்கம்னு இல்ல, அங்கயும் சண்டை போடறாங்க, ஆனா புயல் அன்னிக்கு யார் என்ன செய்யணும்னு முன்னாடியே முடிவாகி இருக்கு.

நம்ம கிட்ட சட்டம் இல்லாமலும் இல்ல. 2005 பேரிடர் மேலாண்மை சட்டத்துல கடமையை செய்யாத அதிகாரிக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு, ஆனா கேஸ் போட அரசு தான் அனுமதி கொடுக்கணும், யாரு மேல கேஸோ அவங்களே அனுமதி கொடுக்கணும்னா விளங்குமா? 2021 அணை பாதுகாப்பு சட்டம் வெள்ள எச்சரிக்கை, வர்ற தண்ணி போற தண்ணி விவரத்தை பொதுமக்களுக்கு தெரியற மாதிரி வைக்கணும்னு சொல்லுது. நான் கேக்கறதும் அவ்வளவு தான். மதகுல ரிஜிஸ்டர் இருக்கும், எத்தனை மணிக்கு நீர்மட்டம் எவ்வளவு, எத்தனை ஷட்டர் எவ்வளவு தூக்கினாங்க, உத்தரவு யார் கொடுத்தாங்கன்னு. வெள்ளம் வடிஞ்ச ஒரு வாரத்துல அந்த பக்கத்தை வெளியிடணும், எந்த ஆட்சியா இருந்தாலும். அப்புறம் திட்டறவங்க அதை கையில வெச்சுக்கிட்டு திட்டட்டும், நானும் சேந்து திட்டறேன்.

நீங்க பேப்பர்காரங்க கேட்டா கொடுப்பாங்க, நான் தகவல் அறியும் சட்டத்துல மனு போட்டா முப்பது நாள் கழிச்சு உங்கள் மனு வேற பிரிவுக்கு அனுப்பப்பட்டதுன்னு வரும், அந்த அனுபவம் வேற விஷயத்துல பட்டாச்சு. 2015 டிசம்பர் 1 பக்கம் ஒண்ணு, 2024 டிசம்பர் 2 பக்கம் ஒண்ணு, ரெண்டையும் கேட்டு வாங்கி போடுங்க சார். நான் ஏ3 சைஸ்ல பெருசாக்கி கடை ஷட்டர்ல ஒட்டறேன், வேணுங்கறவங்களுக்கு காப்பி இலவசம்.

இப்படிக்கு
ஜாபர்கான்பேட்டை வாசகர் ஒருவர்