கெர்ரி, ஜெர்ரி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தொகுதி மறுவரையறை பற்றிய கட்டுரையைப் படித்தேன். கட்டுரையோடு எனக்குச் சண்டை இல்லை. நடுவில் ஒரு வரி வருகிறது: 'அமெரிக்காவில் ஜெர்ரி என்றொரு தில்லாலங்கடி கவர்னர், தன் கட்சி ஜெயிக்க வேண்டும் என்று உட்கார்ந்து வரைபடம் வரைந்தார்.' மூன்று நாளாக அந்த வரிதான் மண்டைக்குள் ஓடுகிறது. எப்போதோ செத்துப்போன அமெரிக்காக்காரருக்காக இந்த வயதில் பிரஷரை ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். 31 வருடம் வரலாறு நடத்தியவனுக்கு ஏறத்தான் செய்கிறது.

முதலில் பெயர். எல்பிரிட்ஜ் கெர்ரி. 'கெ'. ஒரு கட்சிக்குத் தோதாகத் தொகுதி எல்லைகளை வெட்டுவதற்கு அவர் பெயரை வைத்துப் பிறந்த 'ஜெர்ரிமாண்டரிங்' என்ற சொல்லை இன்று எல்லோரும் 'ஜெ' போட்டுத்தான் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். சொல் திரிந்துவிட்டது என்பதற்காக மனிதரையும் திரிக்கலாமா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, குழப்பம் வரலாம். தமிழில் 'கெ' வேறு, 'ஜெ' வேறு. நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

அப்புறம், அவர் வரைபடம் வரையவில்லை. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் இருந்த அவருடைய கட்சிக்காரர்கள் மாநில செனட் தொகுதிகளைத் தங்களுக்குத் தோதாக வெட்டி மசோதா கொண்டுவந்தார்கள். கவர்னர் என்ற முறையில் 1812 பிப்ரவரியில் அவர் கையெழுத்துப் போட்டார். மனமில்லாமல்தான் போட்டார் என்று அவருடைய மருமகன் எழுதியிருக்கிறார். மருமகன் வேறு எப்படி எழுதுவார் என்பீர்கள், அதுவும் சரிதான். மறு மாதமே 'பாஸ்டன் கெஜட்' பத்திரிகை, எசெக்ஸ் மாவட்டத்தில் வளைந்து நெளிந்து கிடந்த ஒரு தொகுதிக்கு இறக்கையும் நகமும் வரைந்து, சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் பெயரில் பாதியை இவர் பெயரோடு ஒட்டிவிட்டது. அந்த வருடத் தேர்தலில் இவர் கட்சிக்கு ஓட்டு குறைவு, ஆனால் செனட்டில் 40 இடங்களில் 29 கிடைத்தன. வெட்டியவர்கள் ஜெயித்தார்கள். கையெழுத்துப் போட்டவர் அதே வருடம் கவர்னர் பதவியைத் தோற்றார்.

கையெழுத்துப் போட்டவன் கதி எனக்குத் தெரியும். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் மைதானத்து ஓரமாகச் சுவர் எழுப்ப முடிவெடுத்தவர்கள் யாரோ, கோணலாக அளந்தவர்கள் யாரோ. என்னிடம் வந்தது ஒரு தாள். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்த நேரம், டிபன் பாக்ஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே போட்டேன். கபடி ஆடும் இடத்தைக் கடித்துக்கொண்டு, டீக்கடைக்குப் போகும் குறுக்குவழியையும் அடைத்துக்கொண்டு சுவர் எழும்பியது. அன்றிலிருந்து அதற்கு 'ஹெச்.எம். சுவர்' என்றுதான் பேர். நான் ஓய்வு பெற்று 14 வருடம் ஆகிறது. போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வந்தவன், பழைய மாணவனாம், வாளியோடு நின்று "சார், சுவர் சௌக்கியமா?" என்கிறான். நான் நடத்திய பாடம் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று அவனைக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

கெர்ரி யார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மார்பிள்ஹெட்டில் உப்புக்கண்ட மீன் ஏற்றுமதி செய்த வியாபாரியின் மகன். 1775 ஏப்ரலில், பிரிட்டனோடு அமெரிக்கச் சுதந்திரப் போர் வெடித்த அந்த ராத்திரி, மெனோட்டமி என்ற ஊர்ச் சத்திரத்தில் இரண்டு சகாக்களோடு தங்கியிருந்தார். பிரிட்டிஷ் சிப்பாய்கள் தேடி வந்ததும் மூவரும் இரவு உடுப்போடு பின்பக்கம் ஓடி, அறுவடை முடிந்த சோளக்காட்டில் தட்டைகளுக்கு நடுவே குளிரில் படுத்துக் கிடந்தார்கள். அந்தக் குளிரில் பிடித்த காய்ச்சலில்தான் மூவரில் ஒருவரான ஜெரமையா லீ அடுத்த மாதம் இறந்தார் என்பார்கள். அப்புறம் சுதந்திரப் பிரகடனத்தில் கெர்ரி கையெழுத்திட்டார். 1787இல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதி முடித்தபோது, குடிமக்களின் உரிமைகள் இதில் எங்கே என்று கேட்டு, கையெழுத்துப் போட மறுத்த மூவரில் அவரும் ஒருவர். அந்த உரிமைகள் 1791இல்தான் சேர்ந்தன. போடாத கையெழுத்தை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

அவரை மகாத்மா என்று சொல்லவில்லை. அதே பிலடெல்பியாவில், நம் துன்பங்களுக்குக் காரணமே ஜனநாயகம் மிதமிஞ்சிப் போனதுதான் என்றும் பேசியவர். கவர்னராக இருந்தபோது எதிர்க்கட்சிப் பத்திரிகைகளில் எத்தனை அவதூறு வந்திருக்கிறது என்று கணக்கெடுக்கச் சொன்னவர். உங்களுக்கு அது பிடிக்காது, எனக்கும்தான். அந்த மசோதாவைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. தப்புதான். ஆனால் 1814இல் செனட்டுக்குப் போகிற வழியில் வண்டியிலேயே உயிர் போகும்வரை துணை ஜனாதிபதியாக உழைத்த 70 வயது மனிதருக்கு 'தில்லாலங்கடி' என்ற ஒற்றைச் சொல் போதுமா?

உங்கள் இதழுக்கு இது புதிதும் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் டாலர் நோட்டுப் படத்துக்குக் கீழே 'ஜனாதிபதி ஹாமில்டன்' என்று போட்டீர்கள். அவர் நிதியமைச்சராக இருந்தவர், ஜனாதிபதி ஆனதே இல்லை. 1804இல் ஆரோன் பர் சுட்டு இறந்தவருக்கு நீங்கள் செய்த பதவிப் பிரமாணம் அது. இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். 'இதழ் அருமை' என்ற என் முதல் வரியை மட்டும் பிரசுரித்திருந்தீர்கள், மிக்க நன்றி. சந்தா ஏறியது, பக்கம் குறைந்தது, வினாவிடைப் பகுதி போய் ராசிபலன் வந்தது. அதையெல்லாம் நான் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒரு வரித் திருத்தம். 'கெர்ரி என்று படிக்கவும், வரைந்தவர் அவரல்ல.' ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தால் அங்கே போட்டாலும் சரி.

கடிதத்தைச் சுருக்கத்தான் போகிறீர்கள். அப்படியானால் என் சுவர்க் கதையை எடுத்துவிடுங்கள். சோளக்காட்டில் படுத்திருந்ததை மட்டும் எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
மன்னார்குடி